ராஜாவுக்கு எதற்கு இத்தனை எக்கோ?

ஏ.எம்.ராஜாவின் குரலை நகலெடுப்பது பெரிய கஷ்டமில்லை. லேசாக ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி ஆரம்பித்து, வரியின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் நடுங்கவிட்டால் கைத்தட்டல் வந்துவிடும். ராஜா, ஜிக்கி தம்பதியின் மேடைக் கச்சேரிகளை அப்படியே மீட்டுத் தருவதாகச் சொல்லி, போன மாதம் சுங்கை பட்டாணியில் நடந்த நிகழ்ச்சியில் பாடகர் அதைத்தான் செய்தார். நன்றாகவே செய்தார். எனக்குச் சிக்கல் அங்கே இல்லை.

தியாகராஜ பாகவதர் நாடக மேடையிலிருந்து வந்தவர். கடைசி வரிசைவரை தானாகவே போய்ச் சேரவேண்டிய குரல் அது. ராஜாவுக்கோ மைக் இல்லாவிட்டால் அந்தக் குரலே இல்லை. 1920களின் நடுவில் அமெரிக்காவில் மின் ஒலிப்பதிவு வந்த பிறகு பிங் கிராஸ்பி போன்றவர்கள் காதோரம் பேசுகிற மாதிரி பாட ஆரம்பித்தார்கள். அவர்களைத்தான் குரூனர் என்கிறோம். தமிழில் அந்த இடத்துக்கு என் கணக்கில் இரண்டே பேர்: ராஜா, பி.பி.ஸ்ரீநிவாஸ். (சந்திரபாபுவையும் சேர்க்கச் சொல்லி நண்பன் சண்டை போடுகிறான். அவர் வேறு ரகம், விடுங்கள்.)

'கல்யாண பரிசு' 1959இல் வந்தது, 'தேன் நிலவு' 1961இல். இரண்டுக்கும் இசை ராஜாவேதான். படவுலகிலிருந்து ஒதுங்கிய பிறகு ஜிக்கியோடு சேர்ந்து மெல்லிசைக் கச்சேரிகள் செய்தார். 1989 ஏப்ரலில் அப்படியொரு கச்சேரிக்குப் போகும் வழியில்தான் வள்ளியூர் ரயில் நிலையத்தில் விபத்தில் இறந்தார். ஸ்டூடியோவில் நிறைய வாத்தியங்களோடு பிறந்த பாட்டை, ரயிலில் ஏற்றிக்கொண்டு போகிற அளவு குழுவுக்குச் சுருக்கினால் பாட்டில் இடைவெளி விழும். அந்த இடைவெளியைக் குரல் நிரப்பணும், இல்லாட்டி காலியாக விட்டுடணும்.

சுங்கை பட்டாணி மேடையில் ஆறு பேர். தபேலா, டோலக், கிட்டார், புல்லாங்குழல், இரண்டு கீபோர்டு. எண்ணிக்கையில் சின்னக் குழுதான். ஆனால் ஒரு கீபோர்டு வயலின் கூட்டத்தையே வாசித்துக்கொண்டிருந்தது. சில பாடல்களில் மைனஸ் ஒன் டிராக்கும் ஓடியது. மிச்சமிருந்த இடத்தை எக்கோ அடைத்துவிட்டது. கூலிம் தொழிற்பேட்டையில் நாள் முழுக்க சிக்னலையும் இரைச்சலையும் பிரித்துப் பார்ப்பது என் பிழைப்பு. அதனால் இது கொஞ்சம் அதிகமாகவே உறுத்தியிருக்கலாம். ஆனாலும் சொல்கிறேன்: இந்த மாதிரிக் கச்சேரியில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் முதல் வாத்தியக்காரர். அவர் கல்யாண மண்டப அளவுக்கு வால்யூமை ஏற்றினால், பாடகர் எவ்வளவு மெல்லப் பாடினாலும் கேட்பவனுக்கு அது அறிவிப்பாகத்தான் வந்து சேரும்.

அடுத்து அறிவிப்பாளர். பாட்டுக்குப் பாட்டு "அது பொற்காலம்" என்றார். யாருக்கு? முன்வரிசைகளில் பீடோங், பாடாங் செராய் பக்கத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய கிழவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்தப் பாட்டுகள் ரேடியோவில் ஓடிய வருஷங்களில்தான் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்கள் எத்தனையோ பேர் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். ராஜா பாட்டு வந்தால் என் பாட்டி பேச்சை நிறுத்திவிடுவார். "அந்தக் காலம் நல்லாருந்துச்சா பாட்டி?" என்று கேட்டால், "பாட்டு நல்லாருந்துச்சுய்யா" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அந்தப் பதிலுக்குப் பொருத்தமான குரல்தான் ராஜாவுடையது. 'கல்யாண பரிசு' காதலை விட்டுக்கொடுத்தவர்களின் கதை. அதில் அவர் அழுது காட்டவில்லை. தொண்டையில் எதையோ நிறுத்திவைத்துக்கொண்டு பாடுகிறார். அந்தத் தயக்கத்துக்கு மேல் பொற்காலம் என்று ஜிகினா ஒட்டினால் முன்வரிசைக்காரர்களின் கதையும் சேர்ந்து மறைந்துபோகிறது.

ஜிக்கி பாடல்களைப் பாடிய பெண் மட்டும் ஜிக்கி மாதிரி பாட முயலவில்லை. தன் குரலிலேயே பாடினார். இரண்டாம் பாதியில் ஒரு டூயட்டுக்கு கிட்டாரும் தபேலாவும் மட்டும் வாசித்தன. எக்கோவும் இல்லை. அவர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. பாடகரும் அவரைப் பார்த்துவிட்டு நடுக்கத்தைக் குறைத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் ஓயாமல் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர் கையைக் கீழே இறக்கினார்.

டிக்கெட் முப்பது ரிங்கிட். அந்த நாலு நிமிஷத்துக்கே அது தகும். மீதி இரண்டரை மணி நேரத்துக்கு வீட்டில் மின்னல் எஃப்எம் போதும். அடுத்த நிகழ்ச்சி கூலிமில் என்றார்கள். ஒலி பார்ப்பவரையும் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள், ஐயா.