வற்றாப்பளைக் கிழவியும் பெண்ணியத்தின் தேவியும்

வைகாசி விசாகத்தை ஒட்டிய பொங்கல் திங்களன்று வன்னியின் மல்லாவியில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். மாங்குளம் போய், ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு ஓடும் வண்டிகளில் பெண்களே அதிகம். ஒருத்தி கற்பூரச்சட்டி எடுப்பாள், ஒருத்தி பாற்செம்பு, இன்னொருத்தி அடியழிப்பாள். என்ன நேர்த்தி என்று கேட்டால் பெரும்பாலும் விவரம் வராது. "அம்மாளாச்சிக்குத் தெரியும்" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

பெண்ணிய இறையியல் பற்றிய எழுத்துகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பதில் என்னை உறுத்துகிறது. மேற்கில் இந்தத் துறை ஓர் இல்லாமையிலிருந்து பிறந்தது. கடவுளைத் தந்தை என்றே அழைத்துப் பழகிய சமயத்தில், பெண் தன் சாயலைத் தெய்வத்தில் காண வழியில்லை. 1973இல் மேரி டேலி அந்தத் தந்தைக் கடவுளைத் தாண்டிச் செல்லவேண்டும் என்று எழுதினார். றோஸ்மேரி றூதர் திருச்சபைக்குள் நின்றபடியே இறையியலின் ஆண்மொழியை 1983இல் கேள்விக்குள்ளாக்கினார். கரோல் கிறிஸ்ற் 1978இல், பெண்களுக்குத் தேவி ஏன் தேவை என்று கேட்டார். பெண்ணின் உடலையும் ஆற்றலையும் மனவுறுதியையும், பெண்கள் தமக்குள் கொள்ளும் உறவையும் மதிப்புள்ளவையாக்கும் குறியீடு தேவி என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு ஸ்ரார்ஹோக்கின் நூல் அதைச் சடங்காகவே வகுத்துக் கொடுத்தது. பழைய ஐரோப்பாவில் தேவியை வணங்கிய சமூகம் இருந்தது என்று மரியா கிம்புட்டாஸ் தொல்பொருள்களைக் காட்டினார். அந்தத் தாய்வழிப் பொற்காலத்துக்குச் சான்று போதாது என்று 2000இல் சிந்தியா எல்லர் மறுத்தார். மறுப்புச் சரியென்றே எனக்கும் படுகிறது. ஆனால் அந்தப் பெண்களின் தேவை உண்மையானது.

அதே 1978இல் றீற்றா குரோஸ், தேவியைத் தேடுகிறவர்கள் இந்து மரபின் பெண் தெய்வங்களைப் பார்க்கலாம் என்று சொன்னார். அவர்கள் தேடியது எங்கள் வேப்பமரத்தடியில் இருந்தது. இருந்தும் என்ன? தெய்வம் பெண்ணாக இருப்பதால் கும்பிடுகிற பெண்ணின் நிலை தானாக உயர்ந்துவிடுமா என்பதே பிறகு எழுந்த பெரிய கேள்வி. தேவி பெண்ணியவாதியா என்பதையே தலைப்பாக்கி 2000இல் ஒரு கட்டுரைத் தொகுதி வந்தது.

இலங்கையில் இந்தக் கேள்விக்கு மிக வளமான நிலம் கண்ணகி வழிபாடு. சிங்கள மக்கள் கண்ணகியைப் பத்தினித் தெய்யோ என்று வணங்குவது பற்றிக் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பெருநூல் இன்றும் முதன்மையானது. பத்தினியின் சடங்கில் தேவியின் உடை தரித்து நிற்பவர் ஓர் ஆண் என்பதை அதில் படித்த அன்று நூலை மூடி வைத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் நடந்தது வேறு. ஆறுமுக நாவலர் ஆகமச் சைவத்தின் பேரால் கண்ணகி வழிபாட்டை எதிர்த்தார். காலப்போக்கில் கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. அரசியை வைத்துக்கொண்டார்கள், அரசனிடம் நீதி கேட்டவளை வெளியே விட்டார்கள். இது பெரும் இழப்பு என்பதே என் கருத்து. மட்டக்களப்பும் வன்னியும் அவளை விடவில்லை. மட்டக்களப்பில் வைகாசிச் சடங்கில் பாடப்படும் 'கண்ணகி வழக்குரை'யை வி.சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். காவியத்தின் பெயரே வழக்கைச் சொல்கிறது.

வன்னியின் கதையில் அவள் மதுரையை எரித்த வெம்மையோடு கடல் கடந்து, பத்தாவதாகத் தங்கிய இடம் நந்திக்கடலோரம். மாடு மேய்த்த பொடியன்களிடம் பசிக்கிறது என்று ஒரு கிழவி வந்தாள். அவர்கள் புக்கை பொங்கினார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றதும் கடல்நீரை ஊற்றி எரியுங்கள் என்றாள். தலை கடிக்குது, பேன் பாருங்கோ மக்காள் என்றாள். மயிரை விலக்கிய பிள்ளைகள் தலையெங்கும் கண்களைக் கண்டு திகைத்தார்கள். கிழவியைக் காணவில்லை. இன்றும் பாக்குத்தெண்டலோடு சடங்கு தொடங்குகிறது. கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரித்த பிறகே வற்றாப்பளையில் வளந்து ஏறும்.

பேன் பார்க்கச் சொல்லித் தலையை மடியில் வைக்கும் தெய்வத்தை மேற்கின் நூல்களில் நான் கண்டதில்லை.

ஆனால் கற்பு என்ற சொல்லும் இவள் பெயரோடுதான் வருகிறது. அந்தச் சொல் எங்கள் பெண்களை எப்படிக் கட்டிப்போட்டது என்பதைச் செல்வி திருச்சந்திரன் போன்றோரின் ஆய்வுகள் சாதியோடும் வர்க்கத்தோடும் சேர்த்து விளக்கியிருக்கின்றன. அதை ஏற்றுக்கொண்டு இன்னொன்றையும் சொல்லவேண்டும். கண்ணகி கணவனை இழந்தவள். குற்றம் செய்யாத கணவனை அரசு கொன்றது, அவள் சபையேறிக் கணக்குக் கேட்டாள். அவளையே தெய்வமென்று கும்பிடும் ஊரில், கணவனை இழந்தவள் கல்யாண வீட்டில் ஓரமாக நிற்கிறாள், ஆலாத்தித் தட்டைத் தொடுவதில்லை. கணவன் காணாமல் ஆக்கப்பட்டவளுக்கு அந்த ஓரமும் உறுதியில்லை. பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் இன்னொரு பேச்சு. எங்கள் இறையியல் தொடங்கவேண்டிய இடம் இந்தப் பொட்டுத்தான்.

போர்க்காலம் அதைத் தொடங்கியும் வைத்தது. 1992இல், பிள்ளைகள் காணாமல் ஆக்கப்பட்ட தென்னிலங்கை அன்னையர் முன்னணிப் பெண்கள் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்துச் சாபமிட்டதை மாலதி டி அல்விஸ் ஆராய்ந்தார். மண்ணள்ளித் தூற்றுவதை அறிந்த எங்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்பில் அம்மன் உருவேறி வாக்குச் சொன்ன பெண்களைப் பற்றீசியா லோறன்ஸ் பதிவு செய்தார். காணாமற்போன பிள்ளையின் பெயரை வெளியில் சொல்லவே அஞ்சிய நாட்களில் அந்த வாக்குக்காரியிடம் சொல்ல முடிந்தது. போர் முடிந்த பிறகு, 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் கிளிநொச்சித் தாய்மார் தொடர்போராட்டத்துக்கு அமர்ந்ததும் கந்தசுவாமி கோயிலடியில்தான்.

மல்லாவிக்குத் தென்மேற்குப் பக்கத்தையும் மறக்கக்கூடாது. மடுமாதாவிடம் சைவப் பெண்களும் நேர்த்தி வைப்பார்கள். 2008 ஏப்ரலில் அந்தத் திருச்சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது மாதாவும் இடம்பெயர்ந்தாள் என்றே சனம் பேசியது. மரியாளைப் பணிவின் உருவமாகப் பார்க்காமல் விடுதலையின் பெண்ணாகப் பார்த்த திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1997இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அந்தத் தடை நீங்கியது.

இனிக் கருவறை வாசற்படி. தமிழ்நாட்டின் மேல்மருவத்தூரில் பெண்கள் கருவறைக்குள் சென்று பூசை செய்கிறார்கள், மாதவிலக்கும் அங்கே தடையில்லை. பின்னியக்காள் என்ற பெண் பூசாரியாக இருக்கலாம் என்று 2008இல் நீதிபதி சந்துரு தீர்ப்பளித்தார். 2023இல் தமிழ்நாட்டில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சியை முடித்தார்கள். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரச் சைவநெறிக்கூடத்தில் ஈழத்துப் பெண்கள் தமிழில் பூசை செய்கிறார்கள். புலம்பெயர்ந்த மண்ணில் முடிந்தது பிறந்த மண்ணிலும் முடியவேண்டும். அம்மாளாச்சியின் தலையைத் தொட்டுப் பேன் பார்க்கலாம், அவள் திருவுருவைப் பெண் தொடக்கூடாது என்பது அவளுக்கே பொருந்தாத கட்டுப்பாடு.

ஒபயசேகரவும் லோறன்ஸும் தெற்கையும் கிழக்கையும் எழுதினார்கள். வன்னிப் பெண்கள் 1995 இடப்பெயர்வுக்குப் பிறகும், 2008, 2009 இடப்பெயர்வுகளிலும் எந்தத் தெய்வத்திடம் என்ன கேட்டார்கள், கேட்டது கிடைக்காதபோது அந்தத் தெய்வத்தோடு எப்படிச் சண்டை பிடித்தார்கள் என்பது பெரும்பாலும் அவர்கள் வாயிலேயே கிடக்கிறது. கண்டவர்களுக்கு வயதாகிறது. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கும் பிள்ளைகளே, இந்த வைகாசியில் வற்றாப்பளைக்கு வாருங்கள். கோயில் வீதியில் பொங்கும் பெண்களுக்குப் பக்கத்தில் இருந்து, விறகு தள்ளிக் கொடுத்து, மெல்லக் கேளுங்கள். "அம்மாளாச்சிக்குத் தெரியும்" என்றால் எழுந்துவிடாதீர்கள். புக்கை இறக்கும்வரை இருங்கள்.