பெயர் ஒன்று, பண்பு பல

எலும்புக் குழியை நிரப்பப் பயன்படும் செயற்கைத் தாது ஹைட்ராக்சி அபடைட். இதைப் பற்றிய கட்டுரைகள் பல, வாய்பாட்டைச் சொல்லி நின்றுவிடுகின்றன. இது பெருங்குறை. கரைசலில் வீழ்படிவாகக் கிடைப்பது நுண்படிகம். உடலில் எளிதில் கரையும். அதையே சுமார் 1200 டிகிரி செல்சியஸில் சுட்டால் இறுகி, ஆண்டுக்கணக்கில் கரையாது நிற்கும். கால்சியம்-பாஸ்பரஸ் அணுவிகிதம் 1.67க்குக் குறைந்த வீழ்படிவைச் சுட்டாலோ, டிரைகால்சியம் பாஸ்பேட்டும் உண்டாகிவிடும்.

2006இல் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், நுண்ணலையின் திறனை மாற்றியே ஊசி, தகடு என வெவ்வேறு வடிவத் துகள்களைப் பெற்றதாக வெளியிட்டனர். செய்முறையே அக்கட்டுரையின் மையப்பொருள். அதுவே அதன் சிறப்பு.

ஆகவே வாசகர்களே, இத்தாதுவைப் பற்றி எதைப் படித்தாலும், ‘எப்படித் தயாரித்தார்கள்?’ என்று கேளுங்கள். நோயாளியின் எலும்பில் வைத்தது கரையுமா, நிலைக்குமா என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.