தனிவழியும் வழித்துணையும்

பத்தாம் பிறந்த நாளில் ஒரு மிதிவண்டியும் உலகப் படநூல் ஒன்றும் பரிசாகப் பெற்ற அயர்லாந்துச் சிறுமி டெர்வ்லா மர்பி, மிதிவண்டியிலேயே இந்தியா செல்வதென அப்போதே உறுதிபூண்டார். நோயுற்ற தாயைப் பேணும் கடமை முடிந்த பின்னரே, 1963 சனவரியில், தம் 31ஆம் வயதில் அவரால் புறப்பட முடிந்தது. அப்பயணத்தின் நாட்குறிப்பே 1965இல் வெளிவந்த 'ஃபுல் டில்ட்'.

யுகோசுலாவியாவில் அவர் ஓநாய்களைக் கைத்துப்பாக்கியால் சுட்ட நிகழ்ச்சியையே பலரும் வியந்து பேசுவர். நூலின் உயிர் அங்கில்லை. ஆப்கானித்தானத்திலும் பாகித்தானத்திலும் முன்பின் அறியாதோர் அளித்த உணவிலும் உறைவிடத்திலும் இருக்கிறது. தனியே வந்தவர் என்பதனாலேயே அவருக்குப் பல கதவுகள் திறந்தன. ஆப்கானியப் பேருந்தொன்றில் எழுந்த சச்சரவில் துப்பாக்கிக் கட்டை பட்டு அவருடைய விலா எலும்புகள் முறிந்தன. அதன் பின்னரும் அம்மக்கள்பால் அவர் கொண்ட அன்பு குறையவில்லை. பயணக் கட்டுரை எழுதும் மாணவரோ கட்டடத்தின் உயரத்தைக் குறிப்பர். சோறிட்டவர் முகத்தை மறந்துவிடுவர்.

குறையும் உண்டு. ஓரிரவு தங்கிய ஊரைக் கொண்டு ஓர் இனத்தையே அளந்துவிடும் அவசரம் சில பக்கங்களில் தெரிகிறது. நாட்குறிப்பை நாட்குறிப்பாகவே விட்டதன் விளைவு அது. பின்னாளில் மெருகிட்டிருப்பின் அவ்வவசரம் மறைந்திருக்கும். அன்றன்றைய களைப்பும் நன்றியும் அதனுடன் மறைந்திருக்கும்.