பிளாக்பர்னில் ஒரு விடாக்கண்டன்

1902 அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை இரவு. இங்கிலாந்தின் பஞ்சாலை ஊர்களில் ஒன்றான பிளாக்பர்னில் பேலஸ் தியேட்டர் நிரம்பி வழிகிறது. மேடையில் நிற்பவர் ஹாரி ஹூடினி, வயது 28. எந்தக் கைவிலங்கை மாட்டினாலும் கழற்றிக் காட்டுவேன், முடியாவிட்டால் 25 பவுண்டு தருகிறேன் என்று விளம்பரம் செய்துவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டு, ஒரு சுமை விலங்கும் சங்கிலியுமாக மேடையேறுகிறார் வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன். கப்பலில் வேலை பார்த்தவர், அந்த ஊரில் உடற்பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர், தசையின் பெயர்களை எல்லாம் அறிந்தவர். (பிற்பாடு அமானுஷ்யக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற ஹாட்ஜ்சனும் இவரேதான். 1918இல் போர்முனையில் இறந்தார்.)

மேஜிக் மேடையில் வம்புக்கு நிற்கும் பார்வையாளரை எப்படிச் சமாளிப்பது என்று யாராவது கேட்டால், நான் முதலில் கைகாட்டுவது இந்த ஆட்டத்தைத்தான். ஹூடினி இதில் ஜெயித்தார். ஆனால் ஸ்கோர் கார்டைப் பார்த்தால், நள்ளிரவு நெருங்கும்வரை அவர் தோற்றுக்கொண்டே இருந்தார்.

முதல் சறுக்கல் விலங்கைப் பார்த்த கணத்திலேயே நடந்தது. பூட்டுகளில் யாரோ கைவைத்திருக்கிறார்கள், இவை வழக்கமான விலங்குகள் இல்லை என்று ஹூடினி சபையிலேயே சொன்னார். உடனிருந்த தம்பி ஹார்டீனும் ஆட்சேபித்தார். நிபந்தனைப்படி அங்கேயே மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை, கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு கையை நீட்டிவிட்டார். கட்டணம் கொடுத்து வந்த கூட்டத்தின் முன்னால் ‘முடியாது’ என்றால், பயந்து ஓடினான் என்றுதான் ஊர் பேசும். அந்த நெருக்கடி புரிகிறது. ஆனால் அந்த நெருக்கடியை உண்டாக்கியது ஹாட்ஜ்சன் இல்லை, விளம்பரம். பார்க்க வாருங்கள் என்று அழைத்திருந்தால் ரசிகர்கள் வந்திருப்பார்கள். முடிந்தால் மடக்குங்கள் என்று அழைத்ததால் மடக்குகிறவர் வந்தார். வந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஹாட்ஜ்சன் கட்டிய கட்டு சாதாரணமானது இல்லை. கைகளைப் பின்னால் இழுத்துப் பிணைத்து, கால்களையும் பூட்டி, மண்டியிட்ட நிலையில் மடக்கிப் போட்டார். அதன்மேல் திரைக்கூடாரத்தை வைத்தார்கள். கால் மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், ஹூடினி பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறார். நிமிர்த்தி உட்காரவையுங்கள் என்று கேட்க, அதற்கும் ஹாட்ஜ்சன் தடை சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் போனது. கை மரத்துவிட்டது, இரத்தம் ஓட ஒரு நிமிடம் மட்டும் அவிழ்த்துவிடுங்கள் என்று ஹூடினி வேண்டினார். மேடையேறிய மருத்துவர் கைகளைப் பார்த்தார், நீலம் பாரித்திருந்தன. இதற்குமேல் கட்டிவைப்பது கொடுமை என்றார். ஹாட்ஜ்சன் அசையவில்லை. இது போட்டி, முடியவில்லை என்றால் தோல்வியை ஒப்புக்கொள்ளட்டும் என்றார்.

என் கணிப்பில் ஆட்டம் திரும்பிய இடம் இது. ஹூடினியின் விரல்கள் அந்த நேரத்தில் ஒன்றும் சாதித்துவிடவில்லை, ஒரு பூட்டும் திறக்கவில்லை. ஆனால் அரங்கம் கட்சி மாறியது. அதுவரை ‘நம்ம ஊர்ப் பையன் வெளிநாட்டுக்காரனை மடக்கிவிட்டான்’ என்று ரசித்த கூட்டம், மருத்துவர் சொல்லியும் இரங்காத ஒருவரை அந்த நிமிடத்தில் பார்த்தது. பிறகு ஹாட்ஜ்சன் பேசிய ஒவ்வொரு சொல்லும் ஹூடினியின் கணக்கில் வரவானது. ஏறக்குறைய இரண்டு மணி நேரப் போராட்டத்துக்குப் பின், சட்டை கிழிந்து, கையில் இரத்தம் வழிய அவர் வெளியே வந்தபோது எழுந்த ஆரவாரம், பத்து நிமிடத்தில் கழற்றியிருந்தால் கிடைத்திருக்காது.

இதில் ஹூடினியின் சாமர்த்தியம் எவ்வளவு, எதிராளியின் வீம்பு எவ்வளவு என்று கேட்டால், பாதிக்கு மேல் வீம்புதான் என்பேன். அன்று அவர் பட்டதெல்லாம் நிஜ அவஸ்தை. வியூகம் எதுவும் இல்லை. ஆனால் அந்த அவஸ்தையிலிருந்து அவர் பாடம் படித்தார் என்பதற்கு ஒன்றரை ஆண்டு கழித்துச் சான்று கிடைக்கிறது.

1904 மார்ச் 17, லண்டன் ஹிப்போட்ரோம். ‘டெய்லி மிரர்’ நாளிதழ் பர்மிங்ஹாம் கொல்லர் ஒருவர் ஐந்து ஆண்டு உழைத்துச் செய்த கைவிலங்கு என்று சொல்லி ஒன்றைக் கொண்டுவந்தது. நாலாயிரம் பேர் பார்க்க, ஹூடினி தன் சிறிய திரைக்குள் போனார். இடையிடையே வெளியே வந்து முகம் காட்டினார். முழங்கால் வலிக்கிறது என்றார், மெத்தை கொடுத்தார்கள். பிறகு, கோட்டைக் கழற்ற வேண்டும், ஒரு நிமிடம் விலங்கைத் திறந்துவிடுங்கள் என்றார். நாளிதழின் பிரதிநிதி மறுத்தார். பிளாக்பர்னில் கேட்ட அதே வேண்டுகோள், கிடைத்த அதே மறுப்பு. இந்த முறை ஹூடினி முறையிடவில்லை. எப்படியோ பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார், பல்லால் கடித்து விரித்தார், கோட்டைத் தலைமேல் சுருட்டிக்கொண்டு துண்டு துண்டாகக் கிழித்தெறிந்தார். அரங்கம் எழுந்து நின்று கத்தியது. ஒரு மணி பத்து நிமிடத்தில் விலங்கும் கழன்றது.

அந்தச் சவாலே முன்கூட்டிப் பேசிவைத்த ஏற்பாடு என்று பல ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். இருக்கட்டுமே. ஏற்பாடாக இருந்தால் என் வாதம் இன்னும் வலுவாகிறது. பிளாக்பர்னில் தற்செயலாக அமைந்த இரங்காத எதிராளியை, லண்டனில் அவர் நாடகத்தின் ஒரு பாத்திரமாகவே எழுதிச் சேர்த்துக்கொண்டார் என்று ஆகிறது. குறுக்குச்சால் ஓட்டுகிறவரை வெல்ல வேண்டியதில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும்.

இதைப் புரிந்துகொள்ளாத மேஜிக்காரர்கள்தான் சுடச்சுடப் பதிலடி வரிகளை மனப்பாடம் செய்துகொண்டு திரிகிறார்கள். ஒருவர் கேலி செய்ததும் ஐந்து வினாடியில் அவரைத் தரைமட்டமாக்கிவிட்டால் கைதட்டல் கிடைக்கும்தான். ஆனால் கேலி செய்தவர் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பாவாக இருந்தால்? உட்கார்ந்திருப்பவர்கள் அவருடைய சொந்தக்காரர்கள். மேடையில் இருப்பவர்தான் அந்நியர். முதல் கிண்டலுக்குச் சிரிப்பது, இரண்டாவதைக் காதில் வாங்காதது, மூன்றாவதற்குப் பிறகு கூட்டமே ‘சும்மா இருங்க, பார்க்க விடுங்க’ என்று அதட்டும்வரை காத்திருப்பது என்று அனுபவசாலிகள் நிதானம் காட்டுவது இதனால்தான். அதட்டலை மேடையிலிருந்து கொடுத்தால் சண்டை. பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தால் ஒழுங்கு.

நம் ஊர்த் தெருவித்தைக்காரருக்கு இந்தப் பிரச்சினை இன்னும் கடுமை. சந்தைத் திடலில் திரை கிடையாது, நாற்காலி கிடையாது, நாலு பக்கமும் ஆள். எவனும் எந்த நேரமும் நடையைக் கட்டலாம். கையைக் கட்டிக்கிட்டு நிக்காதே, பாதியில போனா ரத்தம் கக்கிச் சாவே என்று மோடி வித்தைக்காரர் மிரட்டியதைக் கேட்டு உறைந்து நின்றவர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் இருப்பார்கள். தட்டு ஏந்துகிற நேரத்தில் கூட்டத்தைக் கட்டிவைக்கச் சரியான உத்திதான். ஆனால் பயந்து நிற்கிறவன் ரசிப்பதில்லை. காசைப் போட்டுவிட்டு எப்போது விடுவார்கள் என்று நிற்கிறான்.

அதே வித்தைக்காரரிடம் இதைவிட நுட்பமான ஒன்று இருந்தது. துணியைப் போர்த்திப் படுத்திருக்கும் அந்தப் பையன். ஐயா கேட்கும் கேள்விக்கு இடக்காகப் பதில் சொல்வான், காலை வாருவான், கூட்டம் கேலி செய்ய நினைத்ததை எல்லாம் அவனே முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். பிறகு யாருக்கு என்ன மிச்சம்? தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே நையாண்டி செய்வதும் இந்தப் பயனைத் தருகிறது. வம்பு வெளியிலிருந்து வருவதற்குள் உள்ளேயே ஓர் ஆளை அதற்கு நியமித்துவிடுவது. மேஜிக் பாடப் புத்தகம் எதையும் புரட்டாமலே தெருவில் கண்டுபிடித்த தீர்வு இது.

குழந்தைகள் நிகழ்ச்சி செய்பவர்களும் இதைத்தான் வேறு வழியில் செய்கிறார்கள். இரண்டு கதவு வைத்த பெட்டி, அதற்குள் ஒரு பெரிய தாயக்கட்டை. கட்டை மறைந்துவிட்டது என்று ஒரு கதவைத் திறந்து காட்டுவார்; பெட்டியைச் சாய்ப்பார்; அந்தப் பக்கம் நழுவிப்போகும் சத்தம் கேட்கும். ‘அந்தக் கதவு! அந்தக் கதவைத் திறங்க!’ என்று அறுபது பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். கூட்டம் முழுவதும் குறுக்கே பேசுகிறது, ஆனால் ஒரு சத்தமும் வீணாகப் போவதில்லை. பிள்ளைகள் கத்தாவிட்டால்தான் அந்த வித்தை படுத்துவிடும். கடைசியில் இரண்டு கதவையும் ஒன்றாகத் திறக்கும்போது எழும் அதிர்ச்சிக்கு விலை அந்தக் கூச்சல்தான்.

குறுக்கே பேசுகிறவர்களில் மிக மோசமான வகை, விஷயம் தெரிந்தவர். அந்த வகைக்கு உதாரணம் வேறு யாருமில்லை, நம் ஹூடினியேதான். எந்தச் சீட்டு வித்தையையும் மூன்று முறை பார்த்தால் சூட்சுமத்தைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசுவது அவர் வழக்கம். 1922இல் சிகாகோவில் டாய் வெர்னன் என்ற கனடா நாட்டு இளைஞர் அவரிடம் ஒரு சீட்டைக் கொடுத்து எழுத்துப் போடச் சொன்னார். அதைச் சீட்டுக்கட்டில் மேலிருந்து இரண்டாவதாக வைத்தார். மேல்சீட்டைத் திருப்பினால் அதே சீட்டு. மறுபடி என்றார் ஹூடினி. மறுபடி செய்தார். மூன்று முறை தாண்டியும் பிடிபடவில்லை, அதே மாதிரி இன்னொரு சீட்டு வைத்திருக்கிறாய் என்று குற்றம் சாட்டிப் பார்த்தார், அதுவும் பலிக்கவில்லை. வெர்னன் வாதாடவில்லை, கேலி செய்யவில்லை, கேட்ட ஒவ்வொரு முறையும் அமைதியாகச் செய்துகாட்டினார். ஒரே வித்தையை இரண்டாவது முறை செய்யாதே என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதை அவர் மீறியது, தன் முறை எத்தனை தடவையும் தாங்கும் என்று தெரிந்ததால். ‘ஹூடினியை ஏமாற்றியவர்’ என்ற பட்டம் பிறகு ஆயுள் முழுக்கக் கூடவே வந்தது. பிளாக்பர்னில் விடாக்கண்டனிடம் மாட்டிக்கொண்டவர், இருபது ஆண்டில் தானே விடாக்கண்டனாகி மாட்டிக்கொண்டதில் எனக்கு அற்ப சந்தோஷம் உண்டு.

எதிர்த்துப் பேசுகிறவரையாவது எப்படியாவது சமாளிக்கலாம். பேசவே பேசாதவரை? 1973 ஆகஸ்டில் ஜானி கார்சனின் ‘டுனைட் ஷோ’வுக்கு, கரண்டியை மனோசக்தியால் வளைப்பதாகச் சொல்லிக்கொண்ட யூரி கெல்லர் வந்தார். கார்சன் இளம்வயதில் மேஜிக் செய்தவர். மேஜிக்காரர் ஜேம்ஸ் ரேண்டியிடம் யோசனை கேட்டு, பொருள்களை எல்லாம் தன் ஆட்களே வாங்கிவைத்து, கெல்லரின் ஆட்கள் யாரும் நிகழ்ச்சிக்கு முன் கிட்டே அண்டாமல் பார்த்துக்கொண்டார். பிறகு மரியாதையாகச் சிகரெட் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடம் போலக் கெல்லரால் ஒன்றும் முடியவில்லை. இன்றைக்கு எனக்குத் தெம்பு வரவில்லை என்றார்.

மேஜிக்காரராக இருந்தால் அன்றோடு கடையைக் கட்டியிருக்க வேண்டும். கெல்லருக்கு நேர்மாறாக நடந்தது. இது வெறும் வித்தை என்றால் தவறாமல் நடந்திருக்குமே, சில நாள் வரும் சில நாள் வராது என்றால் சக்தி நிஜம்தானே என்று பலர் நம்பினார்கள். அவர் புகழ் வளர்ந்தது. கச்சிதமான பொறி வைத்த கார்சன் கெல்லரின் கையைத்தான் கட்டினார். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களின் அனுதாபத்தைக் கட்ட அவரால் முடியவில்லை. ஹாட்ஜ்சன் முரட்டுத்தனத்தால் இழந்ததை, கார்சன் கண்ணியமாக நடந்துகொண்டே இழந்தார் என்பது இந்த அலசலில் எனக்கு இன்னும் நெருடுகிற இடம்.

இன்றைய மேடையில் ஹாட்ஜ்சன்கள் குறைவு. நிறைய இருப்பது யூடியூப் பார்த்த பதினான்கு வயதுப் பையன். சீட்டைக் கையில் எடுக்கும் முன்பே ‘எனக்குத் தெரியும் அங்கிள், ரெண்டு சீட்டைச் சேர்த்து எடுக்கிறீங்க’ என்கிறான். பெரும்பாலும் அவன் சொல்வது சரியாகவும் இருக்கும். இல்லை என்று மறுத்தால் பொய். அடுத்த ஐந்து நிமிடமும் அவன் கண் உங்கள் இடது கையை விட்டு அகலாது. மேடைக்கு இழுத்துக் கேலி செய்தால் அவனுடைய அம்மா முகம் சுருங்கும். நான் பார்த்தவர்களில் சிறந்தவர் செய்தது வேறு. பையனைப் பக்கத்தில் அழைத்து, சீட்டுக்கட்டை அவன் கையிலேயே கொடுத்து, நீயே கலை என்றார். இரண்டு கையும் சீட்டில் மாட்டிக்கொண்டதால் சுட்டிக்காட்ட அவனிடம் விரல் இல்லை. பிறகு குனிந்து காதில், ‘உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். இவங்க யாருக்கும் தெரியாது, சரியா?’ என்றார். பையன் சபையைப் பார்த்து ஒரு பெரிய மனிதச் சிரிப்பு சிரித்தான். அதன்பிறகு செய்த வித்தையில் இரண்டு சீட்டைச் சேர்த்து எடுக்கும் வேலையே இல்லை. பையனும் மற்றவர்களைப் போலவே வாயைப் பிளந்தான், ஆனால் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.