மூளையின் அலையும் மறதியின் முகமும்

கலைஞன் கையாளும் கருவி எதுவாயினும் ஆகுக. அவன் எடுத்துக்கொண்ட துன்பத்தை உள்ளவாறு உணர்த்தினானா என்பதே நாம் கேட்கத்தக்க கேள்வி. துருக்கியிற் பிறந்து அமெரிக்காவில் வாழும் ரெஃபிக் அனடோல் என்பார் இயற்றிய ‘உருகும் நினைவுகள்’ என்னும் படைப்பை இக்கேள்வியோடு ஈண்டு ஆராய்வோம். அது 2018ஆம் ஆண்டில் இஸ்தான்புல் நகரிலே காட்சிக்கு வைக்கப்பெற்றது.

இது நிரல்வழிக் கலையைச் சார்ந்தது. அஃதாவது, கலைஞர் தூரிகை பிடிப்பதில்லை. கணினிக்கு விதிகளை எழுதித் தருகிறார். அவ்விதிகளின்படி கணினியே உருவங்களைத் தோற்றுவிக்கும். அனடோலின் நெருங்கிய உறவினர் ஒருவரை அல்சைமர் என்னும் மறதிநோய் பற்றியது. அத்துயரே இப்படைப்புக்கு வித்து. சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமொன்றின் துணையோடு, சிலரைத் தம் பழைய நினைவுகளில் மனத்தை ஊன்றச் செய்து, அவ்வேளையில் அவர்தம் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். அப்பதிவே சுவரளவான ஒளித்திரையில் அலையாகப் புரள்கின்றது.

அதன் அழகை மறுப்பார் இலர். கல்லிற் செதுக்கியது போன்ற உருவம் கண்முன்னே நீராகிக் குழைந்து, மீண்டும் வேறோர் உருவமாகத் திரள்கின்றது. நிலையாமையை இத்துணைக் கண்கூடாகக் காட்டிய படைப்புக்கள் சிலவே.

எனினும், காண்போர் ஒன்றை மறத்தலாகாது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலிற் பதிவு செய்து, 1929இல் உலகுக்கு அறிவித்தார். அன்று தொட்டு இக்கருவி மருத்துவத்துக்குப் பெருந்துணை புரிந்து வருகின்றது. ஆயின், தலையோட்டின் மேல் வைத்த மின்வாய்க்கு எட்டுவது எண்ணிறந்த நரம்பணுக்களின் ஒருமித்த அசைவே. ஒருவர் எண்ணியது தாயின் முகமா, பிறந்த ஊரின் ஆறா என்பதை அவ்வலையைக் கொண்டு அறிய இயலாது. அலைக்கு நிறமும் வடிவும் ஈந்தவை கலைஞர் எழுதிய விதிகள். ஆதலின் திரையிற் காண்பதை நினைவின் நேர்ச்சித்திரம் என்று கொள்ளுதல் தவறு. அது நினைவைப் பற்றிக் கலைஞர் செய்த கற்பனை. கற்பனையாய் இருப்பது குற்றமன்று. அதனை விஞ்ஞானத்தின் சான்று எனக் காண்போர் மயங்குவதே தீது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. படைப்பின் பெயர் மறதியைச் சுட்டுகின்றது. பதிவானதோ நினைவுகூரும் முயற்சி. நோயுற்றவர் எங்கே? பெயர் நாவில் வாராது திகைப்பவரும், பெற்ற மகனை அயலான் என்று நோக்குபவரும் அத்திரையில் இல்லை. அவர் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியும் இல்லை.

இலண்டனில் வாழ்ந்த வில்லியம் அட்டர்மோலன் என்னும் ஓவியரை இங்கே நினைத்தல் தகும். 1995இல் அவருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. அதன்பின்னும் சில ஆண்டுகள் தம் முகத்தையே அவர் தீட்டி வந்தார். படத்துக்குப் படம் கோடு சிதைகின்றது. கண்ணும் வாயும் இடம் தவறுகின்றன. இறுதியில் முகம் என்று சொல்லத்தக்கது அரிதாகவே எஞ்சுகின்றது. அவர் 2007இல் மறைந்தார். அப்படங்களின் முன் நிற்போர் அழகை வியப்பதில்லை. ஒரு மனிதரை இழக்கின்றனர்.

இதனால் புதுக்கலையை நாம் தள்ளுவதாக எவரும் எண்ணவேண்டா. அலைகளும் விதிகளும் செய்யவல்லவை இன்னும் பல. மனநோயைக் கருவாகக் கொள்ளும் நிரற்கலைஞர், நோயுற்றோரையும் அவரைப் பேணுவோரையும் அருகிருத்தி, அவர் சொல்லைக் கேட்டபின் தம் விதிகளை எழுதுவாராக. அன்று அத்திரையின் முன் நிற்கும் நோயாளியின் மகள், “என் தந்தை படும் பாடு இதுவே” என்று சொல்லக்கூடும். அச்சொல்லைப் பெறும் படைப்பையே நாம் எதிர்நோக்குகின்றோம்.