நிறத்தைத் தள்ளிப்போடும் மென்பொருள்

ஃபிராக்டல் வீடியோ செய்கிறவர்களுக்கு ஒரு பொதுவான வயிற்றெரிச்சல் உண்டு. கணினி இராப்பகலாகக் கணக்குப் போட்டு, விசிறி அலறி, கடைசி ஃபிரேமும் வந்து விழுந்த பிறகு ஓட்டிப் பார்த்தால், நடுவில் வரும் அந்த மஞ்சள் சகிக்காது. மஞ்சளை மாற்ற வேண்டுமென்றால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கிறது? மஞ்சளோடு சமாதானமாகிவிடுவார்கள். இணையத்தில் கொட்டிக்கிடக்கும் மாண்டல்பிராட் வீடியோக்களில் பல இப்படிச் சமாதானமான நிறங்களில் ஓடுகின்றன என்பது என் சந்தேகம்.

சில வாரங்களாக ஜூமாசம் என்ற மென்பொருளோடு குடித்தனம் நடத்திவருகிறேன். அதைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் விஷயம், அது நிறத்தைக் கடைசிவரை தள்ளிப்போட விடுகிறது என்பதுதான். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

ஜூமாசம் ஃபிராக்டலைக் கணக்கிடாது. வேறொரு மென்பொருள் ஆழத்துக்கு ஆழம் கணக்கிட்டுத் தரும் படங்களை, அதாவது கீஃபிரேம்களை, வாங்கி, நிறம் பூசி, வேகம் வைத்து, ஒலியோடு சேர்த்து வீடியோவாகத் தொகுக்கும். எழுதியவர் கிளாட் ஹைலண்ட்-ஆலன். திறமூலம், காசு கிடையாது. கணக்கிட்டுத் தருவது கல்லெஸ் ஃப்ராக்டாலர் 2+. கார்ல் ரன்மோ தொடங்கி, ஹைலண்ட்-ஆலன் கையில் வளர்ந்த மென்பொருள். வீட்டுக் கணினியில் இவ்வளவு ஆழம் போக முடிவதற்கு 2013-இல் கே. ஐ. மார்ட்டின் தன் சூப்பர்ஃபிராக்டல்திங் மூலம் காட்டிய உத்தி காரணம். ஒரே ஒரு புள்ளியின் பாதையை நூற்றுக்கணக்கான இலக்கத் துல்லியத்தில் கணக்கிட்டுவிட்டு, மற்ற புள்ளிகள் அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதை மட்டும் சாதாரணத் துல்லியத்தில் போடுவது. அதற்கு முன் 10-இன் 15-ஆம் அடுக்கு உருப்பெருக்கத்தை நெருங்கும்போதே படம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். தாண்டிப் போக வேண்டுமானால் ஒவ்வொரு பிக்சலுக்கும் நீண்ட எண்களோடு மல்லுக்கட்ட வேண்டும். இன்று 100-ஆம் அடுக்கு என்பது சாதாரணச் சுற்றுலா.

இனி நிறம். மாண்டல்பிராட் படத்தில் உண்மையில் நிறம் எதுவும் இல்லை. ஓர் எண்ணை வர்க்கப்படுத்தி, ஒரு மாறிலியைக் கூட்டி, வந்ததை மறுபடி வர்க்கப்படுத்தி மாறிலியைக் கூட்டுகிறோம். இந்தச் சுற்று ஓட ஓட எண் ஒரு எல்லைக்குள் அடங்கிக் கிடந்தால் அந்தப் புள்ளி கணத்தின் உள்ளே; தப்பி ஓடினால் வெளியே. எத்தனையாவது சுற்றில் தப்பியது என்ற எண்ணிக்கைதான் கணினிக்குத் தெரிந்தது. அந்த எண்ணிக்கைக்கு நீலமா பச்சையா என்று முடிவுசெய்வது நாம். வழக்கமான மென்பொருள்கள் அந்த முடிவை உடனே எடுத்து பிஎன்ஜியாகவோ ஜேபெக்காகவோ சேமித்துவிட்டு, எண்ணிக்கையைக் குப்பையில் போட்டுவிடும். அத்தனை மணிநேரக் கணக்கில் கிடைத்த சரக்கே அதுதான்!

கல்லெஸ் ஃப்ராக்டாலர் அந்தச் சரக்கை அப்படியே இஎக்ஸ்ஆர் கோப்பில் எழுதித் தரும். ஹாலிவுட்டின் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் தன் சினிமா வேலைக்காக உருவாக்கி 2003-இல் திறமூலமாக வெளியிட்ட வடிவம் இது. சிவப்பு, பச்சை, நீலம் மட்டுமல்ல, எந்தப் பெயரில் எந்தத் தகவலையும் ஒரு தடமாக அதற்குள் வைக்கலாம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சுற்று எண்ணிக்கை, அதன் பின்னப் பகுதி, தப்பிய கோணம், கணத்தின் விளிம்பு எவ்வளவு தூரத்தில் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் இரண்டு எண்கள் என ஐந்து தடங்கள். ஜூமாசம் இவற்றைக் கிராபிக்ஸ் கார்டில் ஏற்றி, நாம் எழுதும் சின்ன ஜிஎல்எஸ்எல் நிரலை ஒவ்வொரு பிக்சலிலும் ஓட்டி நிறமாக்குகிறது. நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த புடவையை என்ன செய்தும் மாற்ற முடியாது. இது வெள்ளைத் துணியாக நெய்து பீரோவில் வைத்துக்கொண்டு, வேண்டியபோது சாயத்தொட்டியில் முக்குகிற ஏற்பாடு. துவைத்தால் மறுபடி வெள்ளை.

இதன் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இரவில் ஒரு வரியை மாற்றினால், நூறு அடுக்கு ஆழ இறக்கமும் நொடியில் வேறு உடுப்பில் நிற்கிறது. நான் அதிகம் விளையாடியது விளிம்புத் தூரத்தோடு. சுற்று எண்ணிக்கையை அறவே மறந்துவிட்டு, தூரத்தை மட்டும் எடுத்து, அது ஒரு பிக்சலை விடக் குறைவான இடத்தில் கறுப்பு, அதிகமான இடத்தில் வெள்ளை என்று ஒரு டான்ஹெச் வளைவில் வழுக்கிவிட்டால், மொத்த இறக்கமும் மைப்பேனாவில் வரைந்ததுபோல் வருகிறது. முன்பு பிக்சலுக்கும் பிக்சலுக்கும் இடையில் விழுந்து காணாமல் போயிருந்த முடியிழைக் கொடிகள் அறுபடாமல் ஓடுகின்றன. வானவில் வண்ணங்களில் மூழ்கிக் கிடந்த அந்த இடத்தின் எலும்புக்கூடு இவ்வளவு அழகா என்று ஆகிவிட்டது. இப்போதெல்லாம் வண்ணமயமான ஃபிராக்டலைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

வண்ணம்தான் வேண்டும் என்கிறவர்களுக்கும் தள்ளிப்போடுவதில் ஓர் ஆதாயம் உண்டு. ஆழம் கூடக் கூடச் சுற்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். மேலே சில நூறுகளில் இருந்தது கீழே லட்சங்களில் நிற்கும். மேல்தளத்தில் நிதானமாக மாறும் வண்ணச் சுழற்சி, அடியில் ஒவ்வொரு பிக்சலிலும் பலமுறை சுற்றி வெறும் பொரியாக மினுங்கும். எண்ணிக்கைக்குப் பதில் அதன் மடக்கையை எடுத்தால் சரியாகும். சில இடங்களில் வர்க்கமூலம் பொருந்தும். எது பொருந்தும் என்பதை இறக்கம் முழுவதையும் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது என்பதால்தான் அந்தச் சகிக்காத மஞ்சள் பிறக்கிறது.

இதற்கு விலை வன்தட்டில். ஜூமாசம் கேட்பது சதுரமான படங்களை அல்ல. மையத்தைச் சுற்றியுள்ள வளையத்தை வெட்டி நீட்டி விரித்ததுபோன்ற பட்டைகளை. உருப்பெருக்கம் இரண்டு மடங்காக ஒரு பட்டை. ஒவ்வொன்றும் உயரத்தைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு நீளம். 100-ஆம் அடுக்கு வரை போக 333 பட்டைகள் வேண்டும். ஹெச்டி திரையின் மூலைவரை கூர்மை குறையாமல் இருக்க, பட்டை சுமார் 6,900 பிக்சல் நீளம் இருக்க வேண்டும். பிக்சலுக்கு 20 பைட் என்று வைத்தால் சுருக்குவதற்கு முன் மொத்தம் 35 ஜிபி. கேட்டால் பகீர் என்கிறது, ஆனால் பழைய வழியில் தட்டையான கீஃபிரேம்களை வைத்துத் தொகுப்பது இன்னும் செலவு. அங்கே அடுத்த கீஃபிரேம் வருமுன் ஓரங்கள் இரண்டு மடங்கு இழுபடும் என்பதால், நீளத்திலும் அகலத்திலும் இரட்டிப்பாக எடுத்துவைக்க வேண்டும். அப்படி எடுக்காவிட்டால், ஒவ்வொரு மடங்கிலும் படம் மங்கித் தெளிந்து மங்கித் தெளிந்து மூச்சுவிடுவதுபோல் துடிக்கும். பட்டையில் அந்தத் துடிப்பு இல்லை, பிக்சலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம்.

குறைகள் உண்டு. முகப்பு, நிரல் எழுதுகிறவர் தனக்காகச் செய்துகொண்டதுபோல் இருக்கிறது. முன்னோட்டத்தின்மேல் சின்னச் சின்னப் பெட்டிகள் மிதக்கின்றன, ஒன்றை இழுத்தால் இன்னொன்றின்மேல் ஏறிக்கொள்கிறது. ஜிஎல்எஸ்எல் அரிச்சுவடி தெரியாதவர் நிறம் பூசும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். கல்லெஸ் ஃப்ராக்டாலர் விண்டோஸ் மென்பொருள்; லினக்ஸில் வைன் வழியாக ஓட்ட வேண்டும். அதே ஆசிரியர் ஃப்ராக்டாலர் 3 என்று புதிதாக எழுதியிருப்பது லினக்ஸிலேயே நேரடியாக ஓடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேரே அங்கே போவது நல்லது. நான் பழகிய செருப்பை விட மனமில்லாமல் இருக்கிறேன்.

ஆனால் உண்மையான எரிச்சல் கடைசிப் படியில் இருக்கிறது. அது ஜூமாசத்தின் குற்றமே அல்ல. வீடியோவாக எழுதும் வேலையை அது எஃப்எஃப்எம்பெக்கிடம் ஒப்படைக்கிறது. உலகமே அதைத்தான் நம்பியிருக்கிறது, எனக்கும் அதன்மேல் பக்தி உண்டு. ஹெச்டியில் நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் சுருக்காத தரவு நொடிக்கு 373 எம்பி. இதை நடுவில் வன்தட்டில் கொட்டாமல் குழாய் வழியாக நேரே வாங்கிக்கொள்கிறது. எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு பொத்திப் பொத்திக் காப்பாற்றிய நிறத்தின் நான்கில் மூன்று பங்கை வாசற்படியில் வைத்துப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

ஹெச்.264 என்ற வழக்கமான வீடியோ சுருக்குமுறையில், கைபேசி, டிவி என எங்கும் ஓட வேண்டுமானால் ஒய்யுவி420 என்ற அமைப்பில் எழுத வேண்டும். அதில் வெளிச்சம் பிக்சலுக்குப் பிக்சல் இருக்கும். நிறம் மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்று. கல்யாண வீடியோவில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு பிக்சல் தடிமனுள்ள சிவப்புச் சுருள் நீலத்தின்மேல் ஓடும் இடத்தில் என்ன ஆகும்? சிவப்பும் நீலமும் கலந்து ஓர் அழுக்கு ஊதா. ஒய்யுவி444 என்று எழுதினால் நிறம் முழுதாகத் தப்பும், ஆனால் பாதிச் சாதனங்கள் ஓட்ட மறுக்கும். இதற்கு நான் கைக்கொண்டிருக்கும் வழி முரட்டுத்தனமானது. இரண்டு மடங்கு அளவில், 4கே-யாக எழுதுவது. நிறம் கால்வாசியானாலும் ஹெச்டி திரைக்குப் போதுமானது மிஞ்சும். மூலப்பிரதியைத் தனியாக எஃப்எஃப்வி1-இல், ஒரு துளி இழப்பில்லாமல், ஆர்ஜிபியாகவே வைத்துக்கொள்கிறேன்.

இத்தோடு விட்டதா? ஆர்ஜிபியை ஒய்யுவியாக மாற்ற இரண்டு சூத்திரங்கள் உண்டு. ஒன்று பழைய டிவிக் காலத்து பிடி.601, மற்றது ஹெச்டிக்கான பிடி.709. எதுவும் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் வழக்கமாகப் பழையதில் மாற்றிவிடும். அதை ஓட்டும் மென்பொருளோ, படம் பெரிதாக இருக்கிறதே, புதியதாகத்தான் இருக்கும் என்று ஊகித்துத் திருப்பி மாற்றும். பச்சையும் சிவப்பும் கொஞ்சம் நகர்ந்துவிடும். கொஞ்சம்தான், பக்கத்தில் மூலப்படத்தை வைத்தாலொழியத் தெரியாது. ஆனால் ஒரு நீலப்பச்சைக்காக இரவெல்லாம் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். மாற்றும் இடத்திலும், கோப்பின் நெற்றியிலும், இரண்டு இடத்திலும் பிடி.709 என்று எழுதினால்தான் தீரும்.

சுருக்கும் முறைக்கும் ஃபிராக்டலுக்கும் பிறவிப்பகை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹெச்.264, முந்தைய ஃபிரேமின் ஒரு கட்டம் இந்த ஃபிரேமில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடி மிச்சம் பிடிக்கும். ஜூம் வீடியோவில் எதுவும் நகர்வதில்லை, எல்லாம் விரிகிறது; ஓரத்தில் வேகமாக, நடுவில் மெதுவாக. தேடித் தேடி ஓய்ந்து, நுணுக்கத்தை எல்லாம் கஞ்சியாக்கிவிடும். ஏவி1 என்ற புதிய சுருக்குமுறையில் விரிவையும் சுழற்சியையும் ஃபிரேம் முழுவதற்குமாகச் சொல்ல வழி வைத்திருக்கிறார்கள். எழுத நேரம் பிடிக்கிறது என்றாலும் என் பழைய கணினியில்கூட அதற்கே மாறிக்கொண்டிருக்கிறேன்.

ஒலிக்கு வருவோம். ஜூமாசத்தில் ஒரு பாட்டை ஏற்றி, எந்த நொடியில் எந்த ஆழம் என்று குறித்துவைக்கலாம்; சின்ன மாண்டல்பிராட் வந்து நிற்கும் கணத்தைத் தாளத்தின் அடியில் உட்காரவைக்கலாம். உபயோகமான வசதி. ஆனால் படத்துக்குப் பாட்டு போடுவதை விட, படத்தையே பாடவைக்கும் இன்னொரு திறமூலக் கருவி என்னை இழுத்துப்போட்டுவிட்டது. கோட்பரேட் வெளியிட்ட ஃபிராக்டல் சவுண்ட் எக்ஸ்ப்ளோரர்.

முதலில் நானும் எல்லோரும் செய்கிற விளையாட்டைச் செய்தேன்: படக்கோப்பின் பைட்டுகளை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அப்படியே ஒலியாகத் திறப்பது. 1,920 பிக்சல் அகலப் படத்தின் ஒரு தடத்தை நொடிக்கு 48,000 மாதிரி வீதம் ஓட்டினால், வரிக்கு வரி கிட்டத்தட்ட ஒரே உருவம் என்பதால், எந்தப் படத்தைப் போட்டாலும் 25 ஹெர்ட்ஸில் ஒரு மோட்டார் உறுமல். அதில் ஃபிராக்டல் எதுவும் இல்லை, படத்தின் அகலம்தான் கேட்கிறது.

எக்ஸ்ப்ளோரர் அப்படியல்ல. படத்தில் ஒரு புள்ளியைச் சொடுக்கினால், அந்தப் புள்ளியின் சுற்றுப்பாதையையே ஒலியலையாக்குகிறது. வெளியே சொடுக்கினால் எண் தப்பி ஓடிவிடும், ஒரு டொக். பெரிய இதய வடிவுக்குள் சொடுக்கினால் பாதை ஒரு புள்ளியில் போய் அடங்க, ஒலி தேய்ந்து மறைகிறது. இடப்பக்க வட்டத்தில் பாதை இரண்டு இடங்களுக்கு மாறி மாறித் தாவுவதால் நிலையான ஒரு சுரம். மேலே இருக்கும் குமிழில் மூன்று இடங்கள், ஆகவே அதிர்வெண் குறைவு. நான்கு இடக் குமிழின் ஒலியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், மூன்று இடக் குமிழ் 4:3 விகிதத்தில் சுத்த மத்யமம். இரண்டு இட வட்டம் மேல் ஸட்ஜம். கணக்குப்படி வரத்தான் வேண்டும் என்று தெரிந்தும், காதில் விழுந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நடு அச்சில் சுட்டியை இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போங்கள். −0.75-ஐத் தாண்டியதும் மேல் ஸட்ஜம். −1.25-இல் பாதை நான்காகப் பிரிய, ஒரு ஸ்தாயி இறங்குகிறது. −1.37 அருகில் எட்டு, இன்னொரு ஸ்தாயி. இறக்கங்கள் நெருங்கி நெருங்கி வந்து, −1.4012-ஐத் தாண்டினால் சுருதி குலைந்து இரைச்சல். பாடப்புத்தகத்தில் கிளை கிளையாக வரைந்து காட்டும் அதே இரட்டிப்பு. பிறகு −1.75-இல் இரைச்சலுக்கு நடுவே மூன்றின் சுரம் சுத்தமாக எழுகிறது. அங்கே ஒரு குட்டி மாண்டல்பிராட் இருக்கிறது.

இந்த ஒலியை ஆடாசிட்டியில் பிடித்து, ஜூமாசத்தில் ஏற்றி, அதே அச்சில் இறங்கும் ஒரு மைக்கோட்டு வீடியோவுக்குப் பின்னணியாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கருவியும் ஒன்றையொன்று அறியாதவை என்பதால், சுரம் மாறும் நொடியையும் ஆழத்தையும் கையால்தான் பொருத்த வேண்டியிருக்கிறது. சுற்றுப்பாதையையும் ஆறாவது தடமாக இஎக்ஸ்ஆருக்குள் போட யாராவது வழிசெய்தால் நான் முதல் ஆளாக வன்தட்டு வாங்கக் கிளம்புவேன்.