பின்பக்கத்துத் தையல்

திருவொற்றியூரில் என் மாணவி ஒருத்தியின் தாத்தா, போர்க்கால விமானப்படைகளின் சின்னங்களைச் சேர்ப்பவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய புடவை விரித்த தகரப் பெட்டியில், பாச்சை உருண்டை வாசத்தோடு அவை கிடக்கின்றன. புடவை அவர் மனைவியுடையது. கடல் காற்றில் சரிகை கறுத்துவிடாமல் அவற்றைத் துணியில் சுற்றிச் சுற்றி வைப்பவரும் அந்த அம்மாதான். ஆனாலும் அது "என் கலெக்‌ஷன்."

அன்று 79ஆம் அணியின் சின்னத்தைக் காட்டினார். பிரிட்டிஷ் விமானப்படையில் 79, 234, 264 ஆகிய மூன்று அணிகளுக்கு 'மதராஸ் பிரசிடென்சி' என்ற அடைமொழி இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது இந்த மாகாணத்தில் திரட்டிக் கொடுத்த யுத்த நிதிக்கு நன்றியாக வந்த பெயர் அது.

"நம்ம ஊர் பேரு பறந்திருக்கு டீச்சர்!"

பெயர் பறந்தது உண்மை. சின்னத்தை ஒரு பிரதியாக வாசித்தால் வேறொன்று தெரிகிறது. 79இல் இருப்பது சாலமாண்டர்; தீயில் வேகாது என்று ஐரோப்பியர் கதை கட்டிய, பல்லி போன்ற பிராணி. 234இல் நெருப்பு உமிழும் டிராகன். 264இல் தலைக்கவசம். காசு கொடுத்த ஊரின் ஒரு மீன்கூட அவற்றில் இல்லை.

புறத்திணை நடத்தும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வரும். நம் மறவர்களும் சின்னம் சூடியவர்களே: வெட்சி, தும்பை, வாகை. அந்தப் பூக்கள் மறுநாளே வாடும், பெட்டியில் சேர்க்க முடியாது. அதனால் நம் போர்கள் மென்மையானவை என்று சொல்ல வரவில்லை. அவன் பூச் சூடிப் போனதால் யார் பூவை இழந்தாள் என்பதும் அதே புறப்பாடல்களில் இருக்கிறது. சேகரிப்பாளரின் பெட்டியில் அது இல்லை.

1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது சென்னை காலியானது. ராயபுரத்திலிருந்து என் பாட்டி நிறைமாத வயிற்றோடு பொன்னேரிப் பக்கம் நடந்தே போனாள். 1943 அக்டோபரில் துறைமுகத்தின் மேல் ஒரு ஜப்பானிய விமானம் குண்டு போட்டபோது கைக்குழந்தையோடு திரும்பி வந்திருந்தாள். அந்த நடைக்குப் பதக்கம் கிடையாது. அவள் விட்டுச்சென்ற போர் நினைவுப்பொருள் என்று எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை. வானத்தில் சத்தம் கேட்டால் விளக்கை அணைக்கும் பழக்கம் மட்டும் சாகும்வரை இருந்தது.

கடைசியாகப் பெரியவர் எடுத்தது, சீன-பர்மா-இந்தியப் போர்முனையில் அமெரிக்கர்கள் தோளில் அணிந்த சின்னம். இந்தியாவிலேயே கையால் செய்தது. இந்த வகைக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மவுசு. எந்தப் படை, யார் அணிந்தது என்பதை வைத்து விலை ஏறும். எந்தக் கை தைத்தது, ஆணா பெண்ணா, கூலி என்ன என்பதற்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. இத்தனைக்கும் போலியா அசலா என்று அவர்கள் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். முடிச்சும் பிசிறும் இருக்கும் பக்கம் அது. உழைத்தவரின் கை அங்கேதான் தெரிகிறது; அவர்களுக்கோ அது சான்றிதழ் மட்டும்.

அவரும் திருப்பிக் காட்டினார். "பாத்தீங்களா, ஒரிஜினல்."

எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருஷம் தைத்தவர் அவர் மனைவி. டீயை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"தைச்சவங்களுக்கு இடது கைப் பழக்கம் போல. நூல் எந்தப் பக்கம் சாயுது பாரு."

"அப்படியா?" என்றவர், சின்னத்தை முன்பக்கம் திருப்பி வைத்தார்.